பந்து எது, டம்ளர் எது

வேலாயுதத்துக்கு எதிலும் அவசரம். பிசியோதெரபிஸ்டாக இருபது வருடம் எலும்பு முறிந்தவர்களை எழுந்து நடக்கவைத்தவர். கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தவர். மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்குப் பயிற்சி தரக் கற்றுக்கொள்ள, தன்னைவிடப் பத்து வயது இளையவரான செல்வராணியிடம் வந்து சேர்ந்தார். வெட்கப்படாமல் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்.

மூன்றே மாதத்தில் பாடமெல்லாம் அத்துப்படி. தசை இறுகிக்கொள்வது ஒரு வகை. கைகாலும் முகமும் தம் இஷ்டத்துக்கு நெளிவது ஒரு வகை. நிதானம் தப்பித் தள்ளாடுவது இன்னொன்று. நிலைகள் ஐந்து. தானே ஓடியாடும் பிள்ளை முதல் நிலை. தலையை நிமிர்த்தவே ஆள் வேண்டுமென்றால் ஐந்து.

அன்று காலை பேச்சித்தாய் தன் ஏழு வயது மகள் முகிலாவைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். வேலாயுதம் பத்து நிமிடத்தில் படிவத்தை நிரப்பிவிட்டார். நெளியும் வகை. ஐந்தாம் நிலை. கடைசி வரியில் ‘புரிதல் இல்லை’ என்று எழுதினார். அந்தத் தாளைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள் என்பது பேச்சித்தாய்க்குத் தெரியும்.

செல்வராணி தாளை வாங்கிப் படித்தார்.

“என்ன கேட்டீங்க சார்?”

“பந்து எதுன்னு கேட்டேன் டீச்சர். டம்ளர் எதுன்னு கேட்டேன். கையை எங்கேயோ வீசுறா, முகத்தைத் திருப்பிக்கிறா. நாலு கேள்வி கேட்டும் ஒண்ணுக்கும் பதில் இல்லை.”

செல்வராணி தரையில் மண்டியிட்டு பாயில் கிடத்தியிருந்த முகிலாவின் தலையை ஒரு கையால் தாங்கினார். பந்தை ஒரு பக்கமும் டம்ளரை மறுபக்கமும் வைத்தார்.

“முகிலா, பந்து எது?”

குழந்தையின் கைகள் பறந்தன. முதுகு வில்லாக வளைந்தது. வாய் கோணிக்கொண்டது. வேலாயுதம் அடுத்த கேள்விக்கு வாயெடுத்தார். செல்வராணி அவரைப் பார்த்த பார்வையில் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

சுவர்க் கடிகாரம் ஓடியது. வேலாயுதத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு நிமிடத்துக்கும் மேலாகியிருக்கும். உடம்பு மெல்ல அடங்கியது. முகிலாவின் கண்கள் நகர்ந்து பந்தின் மேல் போய் நின்றன.

செல்வராணி பந்தையும் டம்ளரையும் இடம் மாற்றி வைத்து, மறுபடி அதையே கேட்டார். மறுபடி அதே பாடு. கண்கள் மறுபடி பந்துக்கே வந்தன.

பேச்சித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பதில் சொல்லுவாம்மா. இம்புட்டு நேரம் யாரும் இருந்து பாத்ததில்ல.”

வேலாயுதத்துக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. தன் மேலேயே கோபம் வந்தது. தாளைப் பிடுங்காத குறையாக வாங்கி, ஐந்தை நான்காக்கப் போனார்.

“அஞ்சு அஞ்சுதான். அது உடம்பைப் பத்தினது. அதுல தப்பில்லை,” என்றார் செல்வராணி.

வேலாயுதத்தின் பேனா கடைசி வரிக்கு இறங்கியது. எழுதியதை அடித்தார். அதற்குமேல் என்ன எழுதுவதென்று கை ஓடவில்லை.

“டீச்சர்... இவ பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கணும்?”

செல்வராணி எழுந்து தன் இடத்தை அவருக்கு விட்டார்.

“அதை அவகிட்டேயே கேளுங்க சார். கேட்டுட்டு, எந்திரிச்சிடாதீங்க.”