பேராச்சி மடு

அந்தக் காலத்தில், மீனும் மனிதரும் ஒரே பாஷை பேசித் திரிந்த காலத்தில், மாசாணம் தன் மனைவி பேராச்சியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஆற்று மடுவின் நடுவில். கழுத்தளவு தண்ணீரில், காவிச் சேலை சுற்றிலும் மிதக்க, ஒரு விராலை முகத்தோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

மழை பொய்த்த வருஷம் அது. ஆறு மணலாகி, மருதமர நிழலில் அந்த மடு மட்டும் மிஞ்சியிருந்தது. ஆற்று மீனெல்லாம் அதற்குள் ஒதுங்கியிருந்தன. வலையில் சிக்காமல் அவை அடியில் பதுங்கவே, பசி பொறுக்காத மாசாணம் கள்ளிப்பாலைக் கொண்டுவந்து கொட்டினான்.

பேராச்சி ஓடிவந்தாள். "ஏ மனுசா, என்ன காரியம் பண்ணுதீரு?"

"மயங்கும், அம்புட்டுதான். வேணுங்கறத எடுத்துட்டு விட்டா, மிச்சம் தெளிஞ்சிரும். எங்கப்பன் செய்யாத வேலையா?"

"உங்கப்பன் ஓடுற ஆத்துல ஊத்துனாரு. பால் ஓடிப்போச்சு, மீனு தெளிஞ்சுது. இது நிக்கிற தண்ணி. எங்கே ஓடும், உம்ம வாய்க்குள்ளயா?"

மாசாணத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குள் கெண்டை வெள்ளையாய் மிதந்தது. கெளுத்தி மிதந்தது. ஆரல் சுருண்டது. இரண்டு விரால் மட்டும் தலையைத் தூக்கின.

"அக்கா, தண்ணிக்குள்ள மூச்சில்லை" என்றது ஒன்று. அந்நாளில் எந்த மீனுக்கும் காற்றைக் குடிக்கத் தெரியாது.

"இங்கே வா, நான் தாரேன்" என்று பேராச்சி இறங்கினாள்.

ஒன்றின் வாயில் ஊதினாள். அது வாலை அசைத்தது. மற்றதன் வாயில் ஊதினாள். திரும்பவும் முதலாவதற்கு. மாசாணம் நீந்திப் போய் அவள் கையைப் பிடித்தபோது, கை லேசாக இருந்தது, காற்றுப் போன துருத்தி மாதிரி.

"வந்துரு பிள்ள."

"இன்னும் ஒரு மூச்சு இருக்கு. அதையும் குடுத்துட்டு வாரேன்" என்று சிரித்தாள். கடைசி மூச்சையும் ஊதியதும், சேலை மட்டும் அவன் கையோடு வந்தது. அதுவும் நீரில் சாயம்போல் கரைந்தது.

மழை வந்தது. ஆறு ஓடியது. மாசாணம் வலையோடு மடுவுக்குப் போனான். தண்ணீரின் மேல் காவி நிறத்தில் ஏதோ விரிந்து அசைந்தது. சேலை என்று நினைத்துக் குனிந்தான். விரால் குஞ்சுகள், ஆயிரமாயிரம். கீழே தாயும் தகப்பனும் காவல். தகப்பன் மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்தது.

"அக்கா சொல்லிக் குடுத்தது" என்றது.

மாசாணம் வலையைச் சுருட்டி மருதமரத்தில் மாட்டினான்.

அன்று முதல்தான் விரால் அடிக்கடி மேலே வந்து காற்று வாங்கிப் போகிறது. சிவந்த குஞ்சுக் கூட்டத்தைக் கண்டால் அந்த ஆற்றுக்காரர்கள் வலை வீசுவதில்லை. மாசாணம் போய்விட்டான். மருதமரமும் விழுந்துவிட்டது. மடு இருக்கிறது, அதில் விரால் இருக்கிறது.