கொன்றைநாட்டு அணியும் கடல் கடந்து வந்த ஆசானும்

வெகு காலத்துக்கு முன்னால் கொன்றைநாட்டைப் பரிமளராயர் என்ற மகாராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. அவருக்குக் கூடைப்பந்து என்றால் உயிர். உயரமான கம்பத்தில் கூடையைக் கட்டி, ஐந்து பேருக்கு ஐந்து பேர் நின்று பந்து போடும் ஆட்டம் அது. ஆண்டுதோறும் பங்குனியில் பக்கத்து மருதநாட்டோடு போட்டி நடக்கும். ஏழு வருஷமாகக் கொன்றைநாடு தோற்றுக்கொண்டே இருந்தது.

அந்த ஏழு வருஷமும் அணிக்கு ஆசான் தாண்டவராயர். அரசவையில் மூத்தவர், பெரிய மீசைக்காரர். தோற்கும்போதெல்லாம் அவரிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். ஒரு வருஷம் வெயில், ஒரு வருஷம் காற்று, ஒரு வருஷம் ராகுகாலம்.

கடைசியில் மந்திரி ஏகாம்பரம் மெல்ல வாயைத் திறந்தார். "மகாராஜா, வெளிநாட்டு ஆசான் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்ப்போமே. அவர் சரிப்படவில்லை என்றால் என் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடுகிறேன்."

மகாராஜாவும் அன்றைய புத்திக்குச் சரி என்றார். தூரத்துத் தீவு ஒன்றிலிருந்து தூமான் என்பவர் கப்பலில் வந்து இறங்கினார்.

போட்டிக்கு மூன்று நாள் இருக்கையில் தாண்டவராயர் சபைக்குள் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அடுக்குமா மகாராஜா! உங்கள் மைத்துனர் நம் அணியில் ஆடுகிறாரே, அவருக்கு இடது கையால் பந்தைக் கொடுக்கிறார்கள்! அந்த அந்நியன் சொல்லிக் கொடுத்த வித்தையாம் இது!"

சபையே 'சிவ சிவா' என்று காதைப் பொத்தியது. கொன்றைநாட்டில் யாரும் யாருக்கும் இடது கையால் ஒரு வெற்றிலைகூட நீட்டமாட்டார்கள். மகாராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பொழுது சாய்வதற்குள் அவனைக் கப்பலேற்றுங்கள்! ஓய் ஏகாம்பரம், கழற்றும் மோதிரத்தை!"

ஏகாம்பரத்தின் கை மோதிரத்துக்குப் போனது. ஆனால் வந்த முதல் நாளே தூமான் கேட்ட கேள்வி அவர் மனதில் ஓடியது. 'உங்கள் வீரர்கள் ஏன் ஒரே பக்கமாகப் பந்தைக் கொடுக்கிறார்கள்?' அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த மந்திரிக்கு அதுவரை அது கண்ணில் பட்டதே இல்லை.

"கழற்றுகிறேன் மகாராஜா. அதற்கு முன்னால் ஒரு சின்ன ஆட்டம். தாண்டவராயர் சேனாபதியிடம் பந்தைக் கொடுக்கட்டும். நடுவில் நின்று நீங்கள் தடுங்கள்."

"நானா? என் தொப்பையைப் பார்த்தீரா?"

"பார்த்துத்தான் கேட்கிறேன்" என்ற ஏகாம்பரம், மகாராஜாவின் காதருகே குனிந்தார். "அவருடைய வலது கைக்கு நேராக நில்லுங்கள், அது போதும்."

தாண்டவராயர் மேலே தூக்கிப் பார்த்தார், கீழே குனிந்து பார்த்தார், சுற்றிச் சுழன்றும் பார்த்தார். பத்து முறையும் பந்து மகாராஜாவின் கையில்தான் சிக்கியது.

"பத்துக்குப் பத்து!" மகாராஜா குதித்தார். "என்னை ஏனய்யா அணியில் சேர்க்காமல் விட்டீர்கள்?"

"மகாராஜா, மருதநாட்டில் இந்த வலது கை வழக்கம் கிடையாது" என்றார் ஏகாம்பரம். " நாம் ஒரு கையால்தான் கொடுப்போம் என்று தெரிந்துகொண்டு, ஏழு வருஷமாக அவர்கள் செய்வது இதைத்தான்."

"நானே சொல்லலாம் என்றிருந்தேன்" என்றார் தாண்டவராயர்.

"நீங்களும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை ஐயா. இடது கையை நீட்டினால் முதுகில் அடி வாங்கி வளர்ந்தவர்கள் நாம். நமக்கு இன்னொரு கையும் இருக்கிறது என்று சொல்ல, நம் அம்மாக்களிடம் அடி வாங்காத ஒருவர் வர வேண்டியிருந்தது."

மகாராஜா ஒரு கணம் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "சரி, பந்தியில் வலது கை, பந்தாட்டத்தில் எந்தக் கையும்! ஏகாம்பரம், மோதிரம் உம் விரலிலேயே இருக்கட்டும். அந்த மனுஷரும் இங்கேயே இருக்கட்டும்."

மூன்றாம் நாள் மருதநாட்டு வீரர்கள் வலது பக்கத்தைக் காத்துக்கொண்டு நின்றார்கள். பந்து இடது பக்கமாகப் போய்க் கூடையில் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. கொன்றைநாடு ஜெயித்துவிட்டது. ஜனங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

மகாராஜா மேடையிலிருந்து இறங்கி வந்து தூமானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஏழு வருஷம் என் ஜனங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்களைச் சிரிக்க வைத்துவிட்டீர். உம்மை நான் விரட்டப் பார்த்தேனே! என்ன வேண்டும், கேளும்." பக்கத்தில் நின்ற ஏகாம்பரத்துக்கும் கண் கலங்கிவிட்டது. தூமானைக் கைகூப்பிக் கும்பிட்டார்.

தூமான் கூச்சத்தோடு சொன்னார்: "எங்கள் தீவு அணி பத்து வருஷமாகத் தோற்கிறது மகாராஜா. ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை. நானும் அங்கேயே பிறந்தவன்தானே! உங்களில் ஒருவரை அனுப்பினால், வந்து பார்த்துச் சொல்வார்."

மகாராஜா மந்திரியைப் பார்த்தார். ஏகாம்பரம் தாடையைத் தடவினார். "ஆட்டம் தெரிந்தவராக இருக்க வேண்டும். அடுத்தவர் குறை சட்டென்று கண்ணில் படுகிறவராகவும் இருந்தால் நல்லது."

அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பின.

"தாண்டவராயரே, மூட்டையைக் கட்டும்!" என்றார் மகாராஜா. "அங்கே நீர்தான் அந்நியர்."

தாண்டவராயரின் மீசை தொங்கிவிட்டது. மெதுவாகத் தூமானின் பக்கம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்: "ஐயா, உங்கள் ஊரில் அந்நியர்களை மரியாதையாக நடத்துவார்கள் அல்லவா?"

தூமான் அவர் தோளில் கையைப் போட்டார். "பத்து வருஷமாகத் தோற்றவர்கள் ஐயா. உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள்."