இடிக்கப்போகும் சமையல்கட்டுக்கு வெள்ளை

ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அந்த வழியாக வருகிறவர்களுக்கு அங்கே மத்தியானச் சாப்பாடு உண்டு. யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. கை கழுவியாயிற்றா என்று மட்டும் கேட்பார்கள்.

மடத்துச் சாமிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சீடர் ஏகாம்பரத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டு, ஞானம் தேடி வந்தவர். சாமி அவரிடம் மடத்தின் கட்டட வேலைகளை ஒப்படைத்தார். ஞானத்தைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் அவரை ஓவர்சியர் என்றே கூப்பிட்டார்கள்.

சமையல் பச்சையம்மாளுடையது. புருஷன் செத்த பிறகு வந்தவள். சமையல்கட்டை ஒட்டிய சின்ன அறையில் பாயும் தகரப் பெட்டியும் வைத்திருந்தாள். வேறு வீடு கிடையாது.

சமையல்கட்டு மிகப் பழையது. சீமை ஓட்டுக் கூரை, விறகு அடுப்பு, புகையில் கறுத்த சுவர். வந்தவாசி அரிசி மண்டிக்காரர் ஒருவர் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். தை பிறந்ததும் வேலை ஆரம்பம். ஓவர்சியர் பிளான் போட்டுவிட்டார். கிரானைட் மேடை, சுவரெல்லாம் டைல்ஸ், புகையை வெளியே தள்ள மின்விசிறி. ஆனி மாதமே ஒரு லோடு செங்கல் வந்து இறங்கிவிட்டது.

அதன் பிறகு பழைய சமையல்கட்டில் யாரும் எதையும் தொடவில்லை. ஓடு உடைந்தால், "அதான் புதுசு வருதே." அலமாரிக் கதவு கழன்றால், "அதான் புதுசு வருதே." இருந்த இரண்டு பல்பில் ஒன்று போனபோதும் அதையேதான் சொன்னார்கள். இன்னொரு பல்பு புகை ஏறிக் கத்தரிக்காய் மாதிரி தொங்கியது.

ஆவணியிலிருந்து சாப்பாட்டில் குறை வர ஆரம்பித்தது. சோற்றில் கல். பருப்பில் வண்டு. ஒரு நாள் கீரையில் புல்.

"மாட்டுக்கும் சேத்துச் சமைச்சிருக்காங்க போல," என்றார் பந்தியில் ஒருவர்.

"இல்லைங்க. நம்மளப் பாத்துட்டுத்தான் சமைச்சிருக்காங்க," என்றார் பக்கத்து இலைக்காரர்.

பந்தி முழுவதும் சிரித்தது. பச்சையம்மாள் மோர் வாளியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஐப்பசியில் ஒரு நாள் ஓவர்சியர் சாமியின் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சாமி, ஒரு கேள்வி."

"கேளுங்க."

"எதை வச்சுக்கணும், எதை விட்டுடணும்னு மனுஷனுக்கு எப்படித் தெரியும்?"

சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நீங்க எதை விடப் போறீங்க?"

ஓவர்சியர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பச்சையம்மாவை."

சாமி சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார்.

"அந்தம்மாவுக்கு முடியல சாமி. கவனிச்சுட்டுத்தான் வரேன். புதுச் சமையல்கட்டு வரப்போவுது, புது ஆளா போட்டுக்கலாம். திருவண்ணாமலையில கல்யாணச் சமையல் பண்ற ஒருத்தர்கிட்ட பேசி வச்சிருக்கேன். அந்தம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துக் குடுத்து, சால்வை போத்தி, மரியாதையா தம்பி வீட்டுக்கு அனுப்பிடலாம்."

"தம்பி கூப்பிட்டாரா?"

"கூப்பிடல. நாம சொன்னா வச்சுக்குவான்."

சாமி எழுந்து சமையல்கட்டு வரை நடந்தார். படியில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"வெள்ளை அடிக்கணும்."

"எதுக்கு?"

"சமையல்கட்டுக்கு."

"தையில இடிக்கிறோமே சாமி!"

"இது ஐப்பசிதானே."

"இடிக்கப்போற கட்டடத்துக்கு வெள்ளை அடிச்சா ஆடிட்டுல கேப்பாங்க."

"இங்க ஆடிட்டு நான்தான். நான் கேக்கல."

"சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. என் சர்வீஸ்ல இப்படி ஒரு வேலை பாத்ததே இல்ல. வீண் செலவு."

"நானும் ஒரு நாள் போகப்போறவன்தான். காலையில குளிச்சேனே."

ஓவர்சியருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"உண்டியல்ல இருக்கிறதுக்குள்ள முடிச்சுடுங்க," என்றார் சாமி. "கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு மூட்டை, அடிக்க ரெண்டு மட்டை, கொஞ்சம் நீலம். உடைஞ்ச ஓட்டை எடுத்துட்டு அந்த இடத்துல கண்ணாடி ஓடு போடுங்க. ஒரு பல்பு."

"ஆள்?"

சாமி தன்னைக் காட்டினார். பிறகு ஓவர்சியரைக் காட்டினார்.

"நான் கேட்ட கேள்வி சாமி?"

"அது எங்கயும் போயிடாது."

மறுநாள் சுண்ணாம்பு வந்தது. ஓவர்சியர் அதைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். அது புகைந்து கொதிப்பதைப் பச்சையம்மாள் தூரத்தில் நின்று பார்த்தாள். பிறகு நேராகச் சாமியிடம் வந்தாள். கையில் கரண்டி இருந்தது. அதைக் கீழே வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"என்னை எப்ப போகச் சொல்றீங்க சாமி?"

"யார் சொன்னது?"

"யாராவது சொல்லணுமா? குடித்தனம் மாறும்போதுதானே வெள்ளை அடிப்பாங்க. நானும் ஆரணியில வாடகை வீட்டுல இருந்தவதான். பழைய குடித்தனம் சாமானைத் தூக்கிட்டுப் போவும். சுண்ணாம்பு அடிப்பாங்க. புதுசா ஒருத்தர் வந்து பால் காய்ச்சுவாங்க."

சாமி அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

"மறைச்சது தப்புதான்," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "கண்ணு போவுது சாமி. அரிசியும் கல்லும் ஒண்ணாத் தெரியுது. வெளியில கொஞ்சம் தேவல, உள்ள நுழைஞ்சா இருட்டிக்கிட்டு வருது. எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. கடைசியில கையப் புடிச்சுக் கொல்லைக்குக் கூட்டிட்டுப் போவணும். தம்பி பொண்டாட்டி எனக்கு அதைச் செய்வாளா? பாத்திரமாவது கழுவிட்டு இங்கயே கெடக்கறேன். அனுப்பிடாதீங்க."

"பாத்திரத்தையெல்லாம் வெளிய எடுத்துடலாமா? சுண்ணாம்பு தெறிக்கும்," என்றார் சாமி.

அது என்ன பதில் என்று பச்சையம்மாளுக்கு விளங்கவில்லை. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரிய குண்டானின் ஒரு காதைப் பிடித்தாள். இன்னொரு காதைச் சாமி பிடித்தார்.

வேலை முடியும்வரை சமையல் புங்க மரத்தடியில் நடந்தது. மூன்று கல்லை வைத்து அடுப்பு. உள்ளே சாமியும் ஓவர்சியரும் சுவரைச் சுரண்டினார்கள். கரி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. இருவரும் மூக்கைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார்கள்.

"அரசாங்கத்துல முப்பது வருஷம் சுரண்டாதவன் சாமி நான்," என்றார் ஓவர்சியர். "இங்க வந்து சுரண்டறேன்."

"ஆடிட்டுல நானே கையெழுத்து போட்டுடறேன்."

அன்று பந்தியில் யாரும் சோற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஓவர்சியருக்கு இடுப்பு வலி. பந்தியில் நடந்ததை அவர் கவனிக்கவில்லை.

வடக்குச் சுவரைச் சுரண்டும்போது சாமியின் கொத்தனார் கரண்டி மரத்தில் இடித்தது. கையால் தடவிப் பார்த்தார். கரிக்கு அடியில் ஒரு ஜன்னல் கதவு. கொக்கி போட்டிருந்தது.

"பச்சையம்மா, இங்க ஜன்னல் இருந்துச்சே?"

வெளியிலிருந்தே குரல் வந்தது. "நான்தான் சாத்தினேன் சாமி. அந்தப் பக்கமிருந்து தேள் வந்துச்சு. அரிசிப் பானைகிட்டயே ஒண்ணு அடிச்சேன்."

"எப்ப?"

"செங்கல் வந்தப்புறம்."

சாமி கொக்கியை நெம்பிக் கதவை இழுத்தார். ஒரு துளி வெளிச்சம் வரவில்லை. கதவுக்குப் பின்னால் மேலிருந்து கீழ்வரை சிவப்பாகச் செங்கல். ஒன்றோடொன்று இடைவெளி இல்லாமல், மூலை மட்டம் பிசகாமல்.

ஓவர்சியர் துண்டை அவிழ்த்தார்.

"அழகா அடுக்கியிருக்கீங்க," என்றார் சாமி.

ஓவர்சியர் வெளியே வந்தார். பச்சையம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஜன்னல் மறைக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"புதுச் சமையல்கட்டுக்கு வந்த செங்கல் ஐயா. வந்த நாளே மஞ்சள் குங்குமம் வச்சு அடுக்கினீங்க. அதைப் போயி நகத்துங்கன்னு எந்த வாயால சொல்றது? நல்லது நடக்கும்போது அபசகுனமா இருக்காதா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். சமையல்கட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே ஒரு குச்சியைத் தேடி எடுத்தார். ஒவ்வொரு செங்கலாகக் குச்சியால் தட்டி, தேள் இருக்கிறதா என்று பார்த்து, தூக்கி, மதில் ஓரம் கொண்டுபோய் வைத்தார். சாமி உதவிக்கு வந்தார்.

"வேண்டாம் சாமி. இது நான் அடுக்கினது."

சாமி திரும்பிப் போய்விட்டார். சாயங்காலம் வரை செங்கல் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. அந்தக் குவியலில் மூலை மட்டம் ஒன்றும் இல்லை.

பிறகு வேலை வேகமாக நடந்தது. சுவருக்கு இரண்டு பூச்சு. நீலம் கலந்த வெள்ளை காயக் காய ஏறிக்கொண்டே வந்தது. அலமாரிக் கதவைக் கழற்றியே எறிந்துவிட்டுப் பலகையை மட்டும் கழுவி வைத்தார்கள். அடுப்புக்கு மேலே கண்ணாடி ஓடு. பல்பையும் மாற்றினார்கள். அதன் சுவிட்சைப் போட வேண்டியிருக்கவில்லை.

"வாம்மா," என்று சாமி கூப்பிட்டார்.

பச்சையம்மாள் முறத்தில் அரிசியோடு வந்தாள். படியில் நின்றாள். உள்ளே நுழையப் பயந்தவள் போல இருந்தது. வெளியே தெரிகிற கண் உள்ளே போனதும் போய்விடும் என்று அவளுக்குப் பழகியிருந்தது. வலது காலை எடுத்து வைத்தாள். தலை குனிந்தபடி நேராக ஜன்னலுக்கு அடியில் போய் உட்கார்ந்தாள்.

முறத்தை ஒரு தடவை புடைத்தாள். குனிந்தாள். ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தாள். இன்னொன்று. அப்புறம் ஒரு நெல். கை நின்றுவிட்டது. தலை நிமிர்ந்தது.

"சாமி..."

"சொல்லும்மா."

"செவுத்துல எறும்பு போவுது."

"எங்க?" என்றார் ஓவர்சியர்.

"அதோ. குருணையைத் தூக்கிட்டுப் போவுது பாருங்க."

ஓவர்சியர் சுவர் அருகே போனார். பின்னால் வந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி போனார். "ஆமா," என்றார்.

பச்சையம்மாள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பில் முறம் ஆடி அரிசி சிந்தியது. சிந்திய அரிசியைப் பொறுக்கினாள். பொறுக்கும்போது அழுதாள். அழுகையை நிறுத்தாமலே சுவரைச் சுற்றிப் பார்த்தாள்.

"அந்த மூலையில ரெண்டாவது பூச்சு படவே இல்ல. யாரு அடிச்சது?"

"நான்தான்," என்றார் ஓவர்சியர்.

"கீழ தரையெல்லாம் ஒழுக விட்டிருக்கீங்க. அது காய்ஞ்சா போவுமா? ரெண்டு பேரும் செத்த வெளிய நில்லுங்க. நான் கழுவிடறேன். எந்தக் காலத்துல ஒலை வைக்கறது, எப்ப பந்தி போடறது? நகருங்க சாமி."

சாமி நகர்ந்தார். ஓவர்சியரும் நகர்ந்தார். வெளியே வந்ததும் அவர் ஒரு பெருமூச்சு விட்டார். மாதக்கணக்கில் உள்ளே அடைத்து வைத்திருந்த மூச்சு போல இருந்தது. பிறகு போனை எடுத்துத் திருவண்ணாமலைக்காரரைக் கூப்பிட்டார்.

"தம்பி, வர வேண்டாம்பா. இங்க ஆள் இருக்காங்க. ஆமா. ரொம்ப நல்லாச் சமைப்பாங்க. ஒரு நாள் சாப்பிட வா."

மத்தியானப் பந்தி முடிந்தது. கீரை மிச்சமில்லை. சாமி கிணற்றடியில் சுண்ணாம்பு மட்டையை அலசிக்கொண்டிருந்தார். ஓவர்சியர் தண்ணீர் இறைத்து ஊற்றினார்.

"தையில இடிக்கலாமா சாமி?"

"இடிங்க. மண்டிக்காரர் ஆசையாக் குடுக்கறார்."

"பிளான்ல வடக்குச் சுவத்துல ஜன்னல் போடல. ஷெல்ஃப்தான் போட்டிருக்கேன்."

"அந்தம்மாவைக் கேட்டுக்கோங்க."

"சரி."

ஓவர்சியர் இன்னொரு வாளி இறைத்தார்.

"ஜன்னல் மறைஞ்சிருக்கிறது சாமிக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் ஏன் வெள்ளை அடிக்கச் சொன்னீங்க?"

"அழுக்கா இருந்துச்சு."

ஓவர்சியர் வாளியைக் கிணற்றுச் சுவரில் வைத்தார். உள்ளே பச்சையம்மாள் யாரையோ அதட்டுகிற சத்தம் கேட்டது. அவர் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். மனதில் அவ்வளவு நிம்மதி. அதனாலேயே, கேட்க முடியாமல் இருந்ததை இப்போது கேட்க முடிந்தது.

"ஒருவேளை, இவ்வளவும் செஞ்சப்புறம், அந்தம்மாவுக்கு நிஜமாவே கண்ணு போயிருந்தா?"

சாமி மட்டையை உதறினார்.

"அந்தம்மா பக்கத்துல உக்காந்து சொல்லியிருப்பாங்க. நீங்க சமைச்சிருப்பீங்க."