சிகாமணியின் தாமரை

இந்தக் கதையைச் சொன்னவரை எனக்குப் பிடிக்கும். கதையைத்தான் பல வருடங்களாக நம்ப முடியவில்லை. பொய் என்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

"டீச்சர், என் தாள்ல அப்படி என்ன குறை?" என்று கேட்டார் சிகாமணி.

ஜெசிந்தா டீச்சர் தொட்டியில் காகிதக்கூழைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

சிகாமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. டீச்சர் அவரைவிடப் பத்து வயது இளையவர். திண்டிவனத்தில் இருபத்தைந்து வருடம் ரப்பர் ஸ்டாம்பு செய்தவர் சிகாமணி. மையே இல்லாமல் தாளில் உருவத்தைப் புடைக்க வைக்கும் வித்தையைக் கற்கவேண்டும் என்று கடையை மூடிவிட்டு டீச்சரின் காகிதப் பட்டறைக்கு வந்திருந்தார்.

அதே வாரம் வந்து சேர்ந்தவர் ஏகாம்பரம். பஸ் கண்டக்டராக இருந்தவர். உளியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது.

பட்டறையில் ஒரே ஒரு அழுத்துப்பொறிதான் இருந்தது. இருவரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும், வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

"நான் கட்டைல செதுக்கினது தாமரை. பதினாறு இதழ். ஒண்ணுக்கொண்ணு மயிரிழை வித்தியாசம் இருக்காது. அவர் செதுக்கினது நண்டு. அதுவும் கோணல் நண்டு."

"நண்டு என்னைக்குய்யா நேரா நடந்துச்சு?" என்றார் மேசையருகே நின்ற ஏகாம்பரம். ஈரத்தாளைத் தன் மரக்கட்டைமேல் விரித்து உள்ளங்கையால் தட்டினார். "உள்ள போ, உள்ள போ. உள்ள எவ்வளவு இடம் காலியா இருக்கு!"

டீச்சர் சிரித்துவிட்டார்.

சிகாமணிக்கு வயிறு எரிந்தது. இந்த நாற்பது நாளில் தன் தாள் எதையும் பார்த்து டீச்சர் சிரித்ததில்லை. நண்டுகளைக் கொடியில் காயப்போட்டு நின்று பார்ப்பார். தாமரைகளை வாங்கி அடுக்கி வைப்பார். அவ்வளவுதான்.

"ஒரு தடவை என் தாளை ஒழுங்காப் பாருங்க டீச்சர்."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டார். அன்றைய தாமரையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். இளவெயில் பக்கவாட்டில் விழும்படி தாளைக் கண் மட்டத்தில் சாய்த்துப் பிடித்தார்.

"எண்ணுங்க சார்."

"எண்ணவே வேண்டாம். பதினாறு."

"இதழை இல்ல. காலை."

"தாமரைக்கு ஏது கால்?"

"எண்ணுங்க."

சிகாமணி குனிந்தார். இரண்டு இதழ்களுக்கு நடுவே நகம் பட்டதுபோல் ஒரு கோடு. பக்கத்தில் இன்னொன்று. பிறகு அவரால் எண்ணாமல் இருக்க முடியவில்லை.

எட்டுக் கால். இரண்டு கொடுக்கு.

தினமும் ஏகாம்பரம் வருவதற்கு முன்பே சிகாமணி வந்துவிடுவார். தன் ஈரத்தாளை ஏகாம்பரத்தின் கட்டைமேல் போட்டு நன்றாக அழுத்தித் தேய்ப்பார். எவ்வளவு ஆழம் செதுக்கியிருக்கிறார் என்று பார்க்கத்தான். பார்த்துவிட்டு, அதே தாளை உரித்துத் தன் கட்டையில் போடுவார்.

தாள் அதை வைத்துக்கொள்ளும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"எல்லாத் தாள்லயுமா?" என்றார் மெதுவாக.

"முதல் வாரம் ஒரு கால்தான் தெரிஞ்சுது."

உள்ளேயிருந்து ஏகாம்பரம் குரல் கொடுத்தார். "என்னங்க, ரெண்டு பேரும் பாதி வழியிலயே இறங்கிட்டீங்களா?"

சிகாமணி திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் கிளம்பறேன் டீச்சர். வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு?"

"கிளம்புங்க. அதுக்கு முன்னாடி உங்க கட்டைல ஒரு தாள் போட்டுட்டுப் போங்க."

"நாப்பது நாளா அதைத்தானே போடறேன்?"

"இன்னும் ஒண்ணுகூடப் போடலை."

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் வைத்துக்கொண்டது ஏகாம்பரத்தைத்தான்.

இதை எனக்குச் சொன்னவர் சிகாமணியேதான். டீச்சரின் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிடும். ஏகாம்பரத்தின் பெயரைச் சொல்லும்போது மட்டும் இன்றும் தாடை இறுகும். ஸ்டாம்பில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிற மனிதருக்கு நாற்பது நாளாக ஒரு முழு நண்டு கண்ணில் படவில்லையாம். அதை எப்படி நம்புவது? போன மாதம் கேட்டே விட்டேன். ஆனால் கேட்க நினைத்தது ஒன்று, வாயில் வந்தது வேறு.

"ஏகாம்பரம் உங்களுக்கு முன்னாடி வந்த நாள் ஒண்ணுகூட இல்லையா? அவரோட நண்டை என்னைக்காவது வெயில்ல சாய்ச்சு, இதழ் இருக்கான்னு பார்த்தீங்களா?"