வடித்த தண்ணீர்

மடத்துச் சமையல்காரர் நாச்சிமுத்துவுக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய குரு தெய்வசிகாமணி சாமிக்கு நாற்பத்தேழு. மூத்தவர் காலைத் தொட்டுக் கும்பிடுவார், இளையவர் "எந்திரிங்கண்ணா" என்பார். பதினோரு வருஷமாக இதுதான் நடக்கிறது. பார்த்துச் சிரித்தவர்களும் சிரித்து ஓய்ந்துவிட்டார்கள்.

கல்யாண வீடுகளில் ஆயிரம் பேருக்கு உலை வைத்த மனிதர் அவர். மனைவி போன பிறகு கரண்டியை வீசிவிட்டு, ஞானம் தேடி மடத்துக்கு வந்தார். சாமி அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, உங்களுக்கு ரசம் வெக்கத் தெரியுமா?" என்பதுதான். போன கரண்டி அன்றைக்கே திரும்பி வந்துவிட்டது.

அந்தச் சாமிக்குத்தான் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிப்போனது. கால்வாசிதான் வேலை செய்கிறது என்றார் டாக்டர். நாச்சிமுத்துவுக்கு வந்த பயத்தைச் சொல்லி மாளாது. டாக்டர் நிறுத்தச் சொன்னவை கொஞ்சம், அவராக நிறுத்தியவை நிறைய. பருப்பு இல்லை, பயறு இல்லை, பழம் இல்லை. சோறும் சுரைக்காயும் மட்டும். மூன்று மாதத்தில் சாமியின் தோளெலும்பு துருத்திக்கொண்டது. மலச்சிக்கலில் நாலு நாளைக்கு ஒரு தடவை வெளிக்குப் போவதே பெரிய பாடு.

"அண்ணா, வியாதி கொல்றதுக்கு முந்தி நீங்க கொன்னுருவீங்க போல இருக்குதே" என்றார் சாமி.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அங்கே உணவுமுறை சொல்லித்தரும் ஜாஸ்மின் என்ற பெண் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பயறை எதுக்குய்யா நிறுத்தினீங்க? கறி, முட்டையைவிடப் பயறுப் புரதம் கிட்னிக்குப் பாரம் குறைவு. நார்ச்சத்து இருக்கு, வயிறு இளகும். அதுல இருக்கற பாஸ்பரஸும் உடம்புல முழுசா ஏறாது. பொட்டாசியத்தை மட்டும்தான் பாத்துக்கணும். ராத்திரி ஊற வெச்சு அந்தத் தண்ணியை வடிச்சிடுங்க. வேக வெச்ச தண்ணியையும் வடிச்சிடுங்க. சாமியோட ரத்தப் பரிசோதனைப்படி ஒரு நாளைக்குச் சின்னக் கிண்ணத்துல பாதி கொடுக்கலாம்."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த சாமி, "பாதிக்குக் கொஞ்சம் மேல?" என்றார்.

"பாதி" என்றாள் அவள்.

தட்டைப்பயறு மறுபடி மடத்துக்கு வந்தது. அளவுக்குத் தனிக் கிண்ணம் வாங்கினார் நாச்சிமுத்து. ஊறிய தண்ணீரைக் கீழே ஊற்றினார். வெந்த தண்ணீரை வடித்தார். சொன்னது சொன்னபடி. தக்காளி கூடாது என்பதால் மிளகும் சீரகமும் மட்டும் தட்டிப் போட்டு ரசம் வைத்தார். சாமி ஒரு டம்ளர் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டார்.

இரண்டே வாரத்தில் வயிறு சரியானது. சாமி கிணற்றடி வரைக்கும் நடந்து போய் வந்தார். அதைப் பார்த்த நாச்சிமுத்து அடுப்படியில் தனியாக நின்று அழுதார். சந்தோஷ அழுகைதான்.

மூன்றாவது வாரம், பூசையில் தட்டேந்தி நின்ற சாமி அப்படியே சரிந்தார்.

ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறிவிட்டது என்றார்கள். கழுத்தில் குழாய் செருகி டயாலிசிஸ் செய்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் இனி வாரத்துக்கு மூன்று நாள் அந்த மிஷினோடுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜாஸ்மின் நாச்சிமுத்துவைத் தாழ்வாரத்தில் நிறுத்தினாள்.

"பயறைக் கூட்டிக் கொடுத்தீங்களா?"

"இல்லைங்க. பாதிக் கிண்ணந்தான்."

"வெந்த தண்ணியை வடிச்சீங்களா?"

"வடிச்சேனுங்க."

"வடிச்ச தண்ணி எங்க போச்சு?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவர் பழகிய அடுப்படியில் வடிப்பது என்றால் கொட்டுவது அல்ல. சோறு வடித்தால் கஞ்சி சட்டியில் சேரும், உப்புப் போட்டுக் குடிக்கலாம். பயறு வடித்தால் தண்ணீர் ரசத்துக்கு. வெந்த தண்ணீரைச் சாக்கடைக்கு விடுகிற சமையல்காரனை அவர் பார்த்ததே இல்லை. மடத்தில் நாற்பது பேருக்கு வெந்த பயற்றிலிருந்து பொட்டாசியம் இறங்கிய சாறு, நாளுக்கு இரண்டு டம்ளராக, சாமியின் வயிற்றுக்குள் போயிருந்தது.

"கொட்டீட்டேனுங்க" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று இன்றைக்குக் கேட்டாலும் அவருக்குத் தெரியாது. வாய் சொல்லிவிட்டது. அவள் நெற்றியைச் சுருக்கினாள். "அப்போ காரணம் புரியலையே. இப்போதைக்குப் பயறு வேண்டாம், பார்ப்போம்" என்று போய்விட்டாள்.

மடத்தின் காரியஸ்தர் ஆறுச்சாமிக்கு அது போதுமாக இருந்தது. இருந்த பயறு மூட்டையை அன்றைக்கே வெளியேற்றினார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பயறு சாமியைக் கொல்லப் பாத்துதுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். நாச்சிமுத்து கேட்டுக்கொண்டே காய் நறுக்கினார். சோறு இறங்கவில்லை. நாலு நாள் வெறும் மோரில் கழிந்தது.

ஐந்தாம் நாள் காலையில், புருஷனுக்கும் இதே வியாதி என்று ஓர் அம்மாள் சாமியைப் பார்க்க வந்தாள். மடத்துக்குத் திரும்பியிருந்த சாமி படுக்கையில் இருந்ததால் ஆறுச்சாமிதான் யோசனை சொன்னார்.

"பயறு பக்கமே போயிராதீங்க. நஞ்சு."

"அவருக்கு அது ஒண்ணுதாங்க வாய்க்குப் பிடிக்குது. கறியும் கூடாதுன்னுட்டாங்க" என்றாள் அவள்.

"உசுரு வேணுமா, ருசி வேணுமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். நாச்சிமுத்துவின் கையில் கத்தி அப்படியே நின்றுபோனது. சாமியைப் போலவே தோளெலும்பு துருத்தப்போகும் இன்னொரு மனிதன் அவர் கண்ணுக்குள் வந்தான். கத்தியைப் போட்டுவிட்டு, செருப்புகூட இல்லாமல், பஸ் நிறுத்தம் வரை ஓடினார்.

"அம்மா, நில்லுங்க. அவர் சொன்னது தப்பு. உங்க ஆஸ்பத்திரியில அளவு கேட்டுக்கங்க. கேட்டுட்டு, ஊற வெச்சு, வேக வெச்சு, ரெண்டு தண்ணியையும் கொட்டீருங்க. வடிச்சு வெக்கறதில்லைங்க, கொட்டறது. சாக்கடையில."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியுங்க?"

"நான் கொட்டலைங்க."

பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.

நாச்சிமுத்து திரும்பி வந்து, இரண்டு வேட்டியையும் ஒரு துண்டையும் பையில் திணித்துக்கொண்டு சாமியின் அறைக்குள் போனார். சாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்துக் குழாயைச் சுற்றிப் பஞ்சுக்கட்டு. முகம் ஊதிப்போய் யாரோ மாதிரி இருந்தது.

"பையோட வந்திருக்கீங்க."

"பயறு மேல தப்பில்லைங்க சாமி. என் மேல."

வடித்ததையும், ரசம் வைத்ததையும், தாழ்வாரத்தில் சொன்ன பொய்யையும் ஒன்று விடாமல் சொன்னார்.

"இதுக்கு என்னங்க பிராயச்சித்தம்?"

சாமி கழுத்துப் பஞ்சுக்கட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"அந்த ரசத்துல என்ன சேர்த்தீங்கன்னு நான் ஒரு நாளாவது கேட்டேனா அண்ணா?"

"இல்லைங்க."

"ஏன் கேக்கலை?"

"ருசியில கவனிச்சிருக்க மாட்டீங்க."

"மொத நாளே மணத்துல தெரிஞ்சுபோச்சு."

நாச்சிமுத்துவுக்கு முதலில் புரியவில்லை.

"அந்தப் பொண்ணு சொன்னப்போ நானும் பக்கத்துலதான உக்காந்திருந்தேன். எனக்கும் காது கேட்டுது. கேட்டா நிறுத்திருவீங்க. அதான் கேக்கலை."

"தெரிஞ்சேவா குடிச்சீங்க?"

"தெரிஞ்சேதான் ரெண்டாவது டம்ளரும் கேட்டேன்."

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது. பதினோரு வருஷத்தில் குரு மேல் வந்த முதல் கோபம். "நாலு நாளா நான் சோறு எடுக்கலை, தெரியுமுங்களா?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே!"

"அந்தப் பொண்ணு என்கிட்டயும் கேட்டா, வேற என்ன குடிச்சீங்கன்னு. ஒண்ணுமில்லைன்னுட்டேன்." சாமியின் குரல் இறங்கிவிட்டது. "வெக்கமா இருந்துதுங்கண்ணா. ஊருக்கெல்லாம் நாக்கை அடக்கச் சொல்றவன் நான்."

வெளியே ஆறுச்சாமி யாருக்கோ பயறுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அறைக்குள் இரண்டு பேருக்கும் அது கேட்டது. பிறகு நாச்சிமுத்து பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"இருந்தாலும் வெச்சது என் கைதானுங்க. உங்களை இந்தக் கோலத்துல பாத்துட்டு என்னால அடுப்பு முன்னால நிக்க முடியாது. நான் போறேனுங்க சாமி."

சாமி அவர் தோள்பையையே பார்த்தார்.

"போறதுன்னா போங்கண்ணா, தடுக்கலை. என் பங்கையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போகாதீங்க."