ஆராயியின் நீலக் கால்கள்

மலையை ஒட்டி ஆறு ஒன்று வளைந்து ஓடும் ஒரு காட்டில், அழகைப் பற்றிச் சொல்ல இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் பறவைகள். இருவருக்கும் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது.

ஒருவர் தோகையார் என்ற மயில். ஆற்றங்கரைப் பெரும்பாறையின் உச்சியில் வசித்தார். பருவம் மாறும்போது, ஆண்டுக்கு நான்கே முறை, ஓர் அழகு ஏடு வெளியிடுவார். கொம்பில் என்ன சூடலாம், வாலில் என்ன கட்டலாம், எந்த நிறம் மேனிக்கு எடுப்பாக இருக்கும் என்று அதில் படம் படமாக இருக்கும். தேக்கிலைகளைப் பதமாக உலர்த்த வேண்டும், தையல்சிட்டுகளை வைத்துத் தைக்க வேண்டும், ஒவ்வொரு படத்துக்கும் பத்து நாள் சாயம் காய வேண்டும். அவசரம் என்றாலே அவருக்கு அலர்ஜி. அதனால் மழைக்கால ஏட்டை நடுக்கோடையிலேயே தொடங்கிவிடுவார். கொளுத்தும் வெயிலில் அலகைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டு, மழையைக் கற்பனை செய்து வரைவார்.

மற்றவள் மஞ்சக்கண்ணி என்ற மைனா. அவளுக்கு ஏடும் இல்லை, சாயமும் இல்லை. விடிந்ததும் யாராவது ஒரு விலங்கின் முதுகில் போய் உட்கார்வாள். இன்று யார் என்ன அணிந்திருக்கிறார்கள், அது அரிக்கிறதா, குத்துகிறதா, மத்தியானத்துக்குள் வாடிவிடுகிறதா என்று அங்கிருந்தே ஊருக்கெல்லாம் கேட்கும்படி சொல்வாள். கேட்பவர்கள் எதிர்க்கேள்வி கேட்கலாம், சண்டையும் போடலாம். சொன்னது தப்பென்று தெரிந்தால், "நேத்து ஒளறிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்று மறுநாளே சொல்லிவிடுவாள். ஆனால் போன வாரம் என்ன சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே நினைவிருக்காது.

"அது ஏடு. இது வெறும் வாய்!" என்றன மான்கள்.

"ஆமா, ஏட்டைத் தொறந்தா பூரா ஒல்லி மானுங்கதான். எங்க ஒடம்புக்கு அதுல என்ன இருக்கு? மைனாதான் எங்க ஆளு" என்றது முள்ளம்பன்றி.

இப்படியாகக் காடே இரண்டு கட்சியாகக் கிடந்தது, குழந்தைகளே. இரண்டிலும் சேராமல் இரண்டையும் வாய்பிளந்து பார்த்தவள் ஒருத்திதான். அவள் பெயர் ஆராயி. காட்டெருமை.

ஆராயி நடந்தால் தரை அதிரும். மேனி கன்னங்கரேலென்று இருக்கும். முழங்காலுக்குக் கீழே மட்டும் நான்கு கால்களும் வெள்ளை. காட்டெருமைகள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் என்றாலும், அந்த வெள்ளையை நினைத்தாலே அவளுக்கு வெட்கம். "பாதியில சாயம் தீந்துபோன மாதிரி இருக்கு" என்று குறைப்பட்டுக்கொள்வாள்.

அவளுக்கு மொட்டு என்றொரு கன்று. பிறந்து மூன்று மாதம். புல்லெல்லாம் மொட்டின் தலைக்கு மேலே வளர்ந்திருந்தது. அம்மாவின் முகமோ எங்கோ உயரத்தில் இருந்தது. அதனால் காட்டெருமைக் கன்றுகள் எல்லாம் செய்வதையே மொட்டும் செய்தது. முன்னால் போகும் வெள்ளைக் கால்களைப் பார்த்துக்கொண்டே நடந்தது. கால் நின்றால் நிற்கும், கால் திரும்பினால் திரும்பும். அம்மாவின் இடது முன்காலில் வெள்ளை முடியும் இடத்தில் ஒரு பிறை வளைந்திருக்கும். அது மொட்டுக்கு மட்டும்தான் தெரியும். ஆராயிக்கே தெரியாது. தன் முழங்காலைக் கீழிருந்து யாரால் பார்க்க முடியும்?

அந்த ஆண்டின் மழைக்கால ஏடு வெளியானது. வேங்கை மரக் கிளையில் அதைத் தொங்கவிட்டார்கள். காலை வெயில் இலைகளுக்குப் பின்னாலிருந்து விழுந்தது. அதுவரை இரைச்சல் போட்டுக்கொண்டிருந்த விலங்குகள் அத்தனையும் கப்சிப்பென்று ஆகிவிட்டன.

படத்தில் ஒரு மான் நின்றது. அதன் கால்கள் நான்கும் நீலம். சும்மா நீலம் இல்லை. மழை விழப்போகிற நேரத்தில் வானம் ஒரு கணம் நிறம் மாறுமே, அந்த நீலம். பார்க்கப் பார்க்க, மான் தரையில் நிற்கவில்லை, மேகத்தின் மேல் நிற்கிறது என்றே தோன்றியது. கீழே தோகையார் எழுதியிருந்தார்: "இம்மழைக்கு, மேகம் உங்கள் காலடியில்."

ஆராயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போனாள். தன் மூச்சுக் காற்றில் இலை ஆடிவிடுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவ்வளவு பெரிய உடம்பு எவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடிக்கும்? கண்ணில் நீர் கட்டும்வரை பிடித்தாள். உடம்பெல்லாம் அவளுக்குச் சிலிர்த்தது. இப்படி ஓர் அழகை உண்டாக்க ஒருவரால் முடியுமா என்று மலைத்துப் போனாள்.

பாறையின் அடியில் போய் நின்று அண்ணாந்து கேட்டாள். "ஐயா, இது என்னை மாதிரி ஆளுக்குப் பொருந்துங்களா?"

"இரண்டு மாத உழைப்பு, அம்மா" என்றார் தோகையார். "அவுரிச் சாயத்தை மூன்று முறை வடித்தேன். எந்த மழைக்கும் கரையாது. அழகு என்பது எவர்க்கும் பொருந்தும்."

"யாராச்சும் போட்டுப் பாத்தாங்களா, ஐயா?"

"மான் போட்டது. கோடையில், இதே பாறையில், வெகுநேரம் அசையாமல் நின்றது. ஆகா, அற்புதம்!"

ஆராயிக்கு இன்னும் தயக்கம். புல்வெளிக்கு வந்ததும் மஞ்சக்கண்ணி வந்து அவள் முதுகில் அமர்ந்தாள். அவளிடமும் கேட்டாள்.

"எனக்குத் தெரியலக்கா. யாரும் போட்டு நடந்து பாக்காததப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன். நீங்க போடுங்க. நான் கூடவே இருந்து, பாத்தத பாத்தபடி சொல்றேன்" என்றாள் மைனா.

சரி என்று துணிந்துவிட்டாள் ஆராயி. குளக்கரைப் பள்ளத்தில் தோகையார் வடித்து வைத்திருந்த அவுரிச் சாயத்தில் நான்கு கால்களையும் முழங்கால்வரை முக்கினாள். வெயிலில் உலர்த்தி மறுபடியும் முக்கினாள். சாயங்காலத்துக்குள் வெள்ளை இருந்த சுவடே இல்லை.

மறுநாள் விடிந்ததும் அவள் முதுகில் உட்கார்ந்து மஞ்சக்கண்ணி முழங்கினாள். "அடேயப்பா! கேளுங்க, கேளுங்க! நேத்துவரைக்கும் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நடந்த ஆராயி அக்கா, இன்னிக்குக் கொம்பத் தூக்கிக்கிட்டு நடக்குறாங்க! என்னமா நிமிந்திருக்கு முதுகு! அரிக்கல, குத்தல. தாராளமாப் போடலாம்!"

அவள் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை. பார்த்ததையெல்லாம் சொன்னாள். காடே திரண்டு வந்து ஆராயியைப் பார்த்தது. ஆராயிக்குக் கால் தரையில் பாவவில்லை.

மொட்டு மட்டும் அவளைச் சுற்றிச் சுற்றி வந்தது. "அம்மா, ஒன் காலு எங்க?"

"இதோ இருக்கேடி!"

"இது இல்ல. நான் பாக்குற காலு."

"அதுதான்டி இது. மேகக் கலரு! நல்லாருக்கா?"

மொட்டு அந்தக் காலை மோந்து பார்த்தது. அன்று முழுவதும் அம்மாவின் விலாவில் மூக்கை ஒட்டிக்கொண்டே நடந்தது. கொஞ்சுகிறது என்று ஆராயி நினைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் மலைமேல் மழை பிடித்துக்கொண்டது.

முதல் மழைக்கு ஆற்றைக் கடந்து அக்கரைப் புல்வெளிக்குப் போவது காட்டெருமைகளின் வழக்கம். தாய்களும் கன்றுகளும் மேல்துறையில் இறங்கும். அங்கே முழங்கால் அளவுதான் தண்ணீர். பலசாலிக் கடாக்கள் கீழே மடுவில் இறங்கி நீந்திப் போகும். மடுவில் கன்றுக்கு நிலை கொள்ளாது. இறங்கினால் ஆறு கொண்டுபோய்விடும்.

மந்தை புறப்பட்டது. மழை சடசடவென்று கொட்டியது. எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை. புல்லும் சேறும் உடம்புகளும் எல்லாம் ஒரே கறுப்பாகிவிட்டன. நெரிசலில் யாரோ இடித்ததில், அம்மாவின் விலாவிலிருந்து மொட்டின் மூக்கு நழுவியது.

மொட்டு நிமிர்ந்து பார்த்தது. அம்மாவின் கால்களைத் தேடியது. எங்கும் இல்லை. சற்றுத் தள்ளி நான்கு வெள்ளைக் கால்கள் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தன. மொட்டு அவற்றின் பின்னால் ஓடியது. அவை ஒரு கிழக் கடாவின் கால்கள். அவை மடுவை நோக்கிப் போயின.

ஆராயி துறையின் பாதியில் நின்று திரும்பினாள். பின்னால் கன்று இல்லை.

"மொட்டு!" என்று கத்தினாள். மழை அந்தச் சத்தத்தைத் தின்றுவிட்டது.

அப்போது பெரும்பாறை உச்சியிலிருந்து ஓர் அகவல் கேட்டது. மழையைக் கிழித்துக்கொண்டு அக்கரைவரை போன அகவல். "கன்று மடுவுக்குப் போகிறது! கன்று மடுவுக்குப் போகிறது!" உயரத்தில் இருந்ததால் தோகையாருக்கு ஆறு முழுவதும் தெரிந்தது.

மஞ்சக்கண்ணி ஆராயியின் முதுகிலிருந்து விருட்டென்று பறந்தாள். நனைந்த சிறகோடு தத்தளித்துப் போய் மொட்டின் காதருகே கத்தினாள். "அடியே, நில்லு! ஒங்கம்மா அந்தப் பக்கம் நிக்குறாங்க. நீலக் காலு! நீலக் காலப் பாரு!"

"எங்கம்மா காலு வெள்ளை" என்றது மொட்டு. நடந்துகொண்டே இருந்தது. அதன் குளம்பு மடுவின் விளிம்பை மிதித்தது. தண்ணீர் வயிற்றைத் தொட்டது.

ஆராயி எல்லாவற்றையும் கண்டாள். ஓடிப்போய்ப் பிடிக்க நேரமில்லை. நடு ஆற்றில் ஒரு சொரசொரப்பான பாறை தலைநீட்டிக்கொண்டிருந்தது. பாய்ந்து அதன் மேல் ஏறினாள். இடது முன்காலைப் பாறையின் முனையில் வைத்துத் தேய்த்தாள்.

சாயம் அசையவில்லை. மூன்று முறை வடித்த சாயம் அல்லவா? அவள் மறுபடி தேய்த்தாள். முடி கழன்றது, தோல் உரிந்தது, ரத்தம் கசிந்தது. ஊர் மெச்சிய நீலத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டுத் தேய்த்தாள். முதலில் ஒரு கீற்று வெள்ளை தெரிந்தது. பிறகு கையகலம். பிறகு பொங்கி வந்த ஆற்று நீர் கழுவிவிட, அந்தக் கால் முழங்கால்வரை வெளுத்தது. அதன் உச்சியில் பிறை வளைந்து நின்றது.

அவள் அந்தக் காலைத் தூக்கி மழைக்குள் நீட்டினாள்.

மடுவின் விளிம்பில் மொட்டு தற்செயலாகத் திரும்பியது. அவ்வளவு பெரிய ஆற்றில், அவ்வளவு மழையில், அந்த ஒற்றைக் கால் அதன் கண்ணில் பட்டது. மொட்டு ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. திரும்பியது. கரையோடு கரையாகத் துறைக்கு ஓடி வந்து, தண்ணீரில் தடுமாறி, பாறையை எட்டி, அந்தக் காலின் மேல் முகத்தை வைத்துக்கொண்டது.

நான்கு கால்களும் வெளுக்க வேண்டியிருக்கவில்லை. காடே கரையில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கிழக் கடாகூட நீந்துவதை மறந்து கொஞ்ச தூரம் தண்ணீரோடு போய்விட்டதாம்!

மறுநாள் விடிந்ததும் மஞ்சக்கண்ணியின் குரல் கேட்டது. அன்று அது தரையிலிருந்து வந்தது. "நேத்துவரைக்கும் ஒளறிட்டேன், மன்னிச்சுக்குங்க. முதுகுல ஒக்காந்தா எனக்குக் கொம்பு தெரியுது, காலு தெரியல. இனிமே கீழ எறங்கிப் பாத்துட்டுத்தான் வாயத் தொறப்பேன்."

தோகையார் பாறையை விட்டு இறங்கி வந்தார். அவர் தரையில் நடந்து வருவதைக் கண்டு மான்கள் வழிவிட்டன. அக்கரைக்குப் பறந்தார். மேய்ந்துகொண்டிருந்த ஆராயியின் பின்னால், மொட்டின் பக்கத்தில், ஈர மணலில் கழுத்தை வைத்துப் படுத்தார். வெகுநேரம் அப்படியே கிடந்தார்.

"ஐயாவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று பதறினாள் ஆராயி.

"நன்றாக இருக்கிறேன், அம்மா. நீங்கள் மேயுங்கள்" என்றார்.

மைனா ஒரே நாளில் திருத்திக்கொண்டாள். தோகையாருக்கு ஒரு பருவம் பிடித்தது.

பனிக்கால ஏடு வேங்கை மரத்தில் தொங்கிய அன்று, காடு முழுவதும் கூடியது. ஏட்டில் ஒரே ஒரு படம்தான். மான் இல்லை, முகம் இல்லை, எழுத்தும் இல்லை. கரிய வானம் ஒன்று. அதிலிருந்து நேராகக் கீழே இறங்கும் வெண்மை. வானமும் வெண்மையும் தொடும் இடத்தில் ஒரு பிறை.

யானைகூடத் துதிக்கையை ஆட்டாமல் நின்றது. சண்டைக்கார முள்ளம்பன்றி தன் முட்களைத் தானாகவே தாழ்த்திக்கொண்டது. இது மலைமேல் இருக்கும் தெய்வ இடமாக இருக்கும் என்று ஒரு மான் மெல்லச் சொன்னது.

ஆராயி மறுபடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழைக்கால ஏடு இதன் கால்தூசி பெறாது என்று தோன்றியது. இப்படி ஓர் இடத்தைத் தன் வாழ்நாளில் ஒரு முறையாவது போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை பொங்கியது.

"ஐயா, இது எந்த மலை அருவிங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

தோகையார் வாயைத் திறப்பதற்குள், ஆராயியின் காலடியிலிருந்து மொட்டு ஓடியது. கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து, ஏட்டின் அடியில் போய், அந்த வெண்மையின் மேல் முகத்தை வைத்துக்கொண்டது.

"அம்மா!" என்றது.

நீதி: உயரத்திலிருந்து சொன்னாலும் பக்கத்திலிருந்து சொன்னாலும், நம் அழகைச் சொல்பவர் தம் இடத்திலிருந்து தெரிவதையே சொல்வார், நம்மை நம்பிப் பின்னால் வருபவரின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறோம் என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.