வண்டிக்குத் தண்ணி காட்டின புதன்கிழமை

"இன்னும் கொஞ்சம் தூக்குங்க மாமா. அதோட கண்ணு உசரத்துக்கு வரணும்," என்றான் பொன்னுரங்கம்.

அவன் அக்கா புருஷன் குப்புராசு வாளியை வயிற்றிலிருந்து மார்புக்குத் தூக்கி, காரின் வலது விளக்குக்கு நேராகப் பிடித்தார். தண்ணீர் தளும்பி வேட்டியில் கொட்டியது. அடுத்து இடது விளக்குக்குக் காட்டினார். விளக்குகள் இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. காலை ஏழு மணி வெயிலில் அது தெரியவில்லைதான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு எதைக் காட்டி என்ன பயன் என்று கேட்டு, பெரியப்பா மகன் தெய்வசிகாமணிதான் உள்ளே கையை விட்டு அவற்றைப் போட்டிருந்தார்.

கார் குடிக்கவில்லை.

மூவரும் யோசித்தார்கள். தாகம் இல்லாமல் இருக்கலாம் என்றார் குப்புராசு. பக்கத்தில் ஆள் நின்றால் குடிக்காத ஜாதியாகவும் இருக்கலாம், தன் வீட்டு மயிலைப் பசு அப்படித்தான் என்றார் தெய்வசிகாமணி. அது நியாயமாகப் பட்டது. வாளியைக் காரின் முகத்தடியில் வைத்துவிட்டு மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள்.

சற்று நேரத்தில் பின்னால் உறிஞ்சும் சத்தம் கேட்டது. யாரும் திரும்பவில்லை. குடிக்கிறதை வேடிக்கை பார்ப்பது மரியாதை இல்லை. அடுத்த வீட்டு வெள்ளாடு பாதி வாளியைக் காலி பண்ணிவிட்டு, வாயை பம்பரில் துடைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது. அவர்கள் திரும்பியபோது பம்பர் ஈரமாக இருந்தது.

"குடிச்சிருக்கு," என்றான் பொன்னுரங்கம். பம்பரை மெல்லத் தட்டிக்கொடுத்தான்.

இத்தனை கரிசனத்துக்குக் காரணம் இருந்தது. ஆடி பிறந்ததும் நீலாவதியைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டவன் அவன். கல்யாணமாகி ஐந்தே மாதம். போகிற வழியில் பின் சீட்டில் துருத்திக்கொண்டிருந்த ஸ்பிரிங் ஒன்று அவளுடைய அரக்குப் பட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. அவள் கத்தவில்லை. இறங்கும்போது மட்டும் சொன்னாள்: "ஒரு வண்டிய வச்சுப் பாத்துக்கத் தெரியலை. என்னை எப்படி வச்சுப் பாத்துக்கப்போறீங்க? ஆவணி ஒண்ணாந்தேதி சீட்டுக்குக் கவர் போட்டு, வண்டியச் சரிபண்ணி, நீங்களே எடுத்துட்டு வாங்க. வந்தா வர்றேன். இல்லைன்னா பொங்கலுக்குப் பாத்துக்கலாம்."

இன்றைக்கு ஆவணி ஒன்று. புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் பிடிக்கிறது. அதற்குள் மூன்று மைல் தள்ளியிருக்கும் சாலவாடியிலிருந்து அவள் கிளம்பிவிட வேண்டும். ஆடி மாதம் முழுக்கப் பொன்னுரங்கம் தானே சமைத்துத் தானே சாப்பிட்டான். பொங்கல் வரை அவனால் தாங்காது. அவனுடைய ரசமும் தாங்காது.

மெக்கானிக் சவரிராஜ் தங்கை மகள் சடங்குக்கு வெளியூர் போயிருந்தார். போனில், ரேடியோ செட் அலறலுக்கு நடுவே, மூன்றே விஷயம் சொன்னார். அவர் மாட்டுவண்டிக்காரர் குடும்பத்திலிருந்து கார் மெக்கானிக் ஆனவர்; பேச்சு இன்னும் மாட்டோடுதான் இருந்தது. முதலில் வண்டிக்குத் தண்ணி காட்டு. அப்புறம் நாலு சக்கரத்துலயும் காத்து பாரு. கிளம்பும்போது மறக்காம ஹேண்ட் பிரேக்கை எடுத்துடு. போனை வைக்கப்போனவர் ஞாபகம் வந்து, ஸ்டார்ட் ஆகலைன்னா தள்ளு என்றும் சேர்த்துக்கொண்டார். தெய்வசிகாமணி எல்லாவற்றையும் தேதித் தாளில் எழுதிக்கொண்டார். இன்றைய தாள் உபயோகத்தில் இருந்ததால் நாளைய தாளைக் கிழித்து எழுதினார்.

"அடுத்தது காத்து," என்றார் தாளைப் பார்த்து. "நாலுலயும் பாக்கணும்."

குப்புராசு முன் சக்கரத்துக்கு எதிரே குந்தி வெகுநேரம் பார்த்தார். ரப்பர்தான் தெரிந்தது.

"காத்து உள்ள இருக்குது மச்சான். எப்படிப் பாக்கிறது?"

"வெளிய விட்டாத்தான் பாக்க முடியும்," என்றார் தெய்வசிகாமணி.

"வெளிய விட்டா மட்டும் தெரியுமா? காத்துக்கு ஏது நிறம்?"

இந்தக் கேள்வியில் கால் மணி நேரம் போயிற்று. கடைசியில் பொன்னுரங்கத்துக்குத்தான் வழி தோன்றியது. உள்ளே போய் நீலாவதி விட்டுப்போன பவுடர் டப்பாவை எடுத்து வந்தான். குப்புராசு வால்வு ஊசியை ஆணியால் அமுக்க, அவன் மேலிருந்து பவுடரைத் தூவினான். புஸ்ஸென்று வெள்ளையாகக் கிளம்பி குப்புராசு முகத்தில் அடித்தது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றார் குப்புராசு கண்ணை மூடிக்கொண்டு.

அவர் ஒருவர் பார்த்தால் போதாது, வாகனம் ஒரு குடும்பத்துக்குப் பொது என்றார் தெய்வசிகாமணி. ஆகவே ஒவ்வொரு சக்கரத்திலும் மூவரும் முறைவைத்துப் பார்த்தார்கள். முழுசாகப் பார்த்தார்கள். நான்காவதில்தான் நன்றாகத் தெரிந்தது என்பதில் மூவருக்கும் ஒரே கருத்து.

முடிந்தபோது கார் நாலு விரற்கடை இறங்கியிருந்தது. பொன்னுரங்கம் சற்றுக் கலவரப்பட்டான். தெய்வசிகாமணி தூர நின்று ஒருமுறையும் கிட்ட நின்று ஒருமுறையும் பார்த்துவிட்டு, நீலாவதி அதிக உயரமில்லை, இனி படியில் கால் வைக்கிற மாதிரி ஏறிவிடலாம் என்று தெளிவுபடுத்தினார். கடையில் இதையே செய்யச் சொன்னால் ஒரு வாரம் இழுத்தடிப்பார்கள் என்றார் குப்புராசு.

மணி ஒன்பதரை. மீதி இருந்தது நீலாவதி சொன்ன வேலை.

சீட்டு எது என்பதில் சந்தேகம் வரவில்லை. காரில் ஒரே ஒரு சீட்டுதான் இருந்தது. முன்பக்கப் பெட்டிக்குள் நாலாக மடித்த இன்சூரன்ஸ் சீட்டு. அது நெடுநாளாகக் கவர் இல்லாமல் கிடந்ததைப் பார்த்ததும் பொன்னுரங்கத்துக்கு வெட்கமாகிவிட்டது. எத்தனை சரியாகக் கவனித்திருக்கிறாள். எந்தக் கவர் போடுவது என்பதில்தான் விவாதம். பழுப்புக் கவர் ஆபீசுக்குப் போடுவது, ஆகாது. நீளக் கவரில் ஓரம் கறுப்பாக இருந்தால் சாவுச் செய்தி. குப்புராசு சைக்கிளில் போய், பிள்ளையார் படம் போட்டு மேலே ஒரு ரூபாய் ஒட்டிய மொய்க் கவர் வாங்கி வந்தார். சீட்டை உள்ளே வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, எச்சில் தொட்டு ஒட்டாமல் சோற்றுப் பருக்கையால் ஒட்டினார்கள். எழுதாமல் கொடுப்பது முறையல்ல என்பதால் மேலே 'நீலாவதிக்கு, அன்புடன், பொன்னுரங்கம் மற்றும் உறவினர்கள்' என்று எழுதினார் தெய்வசிகாமணி.

கவரைப் பின் சீட்டில் வைக்கப் போனபோது ஸ்பிரிங் பொன்னுரங்கத்தின் முழங்கையைக் கீறியது. அதையும் கவனிக்க வேண்டும் என்று அவன் நினைத்தான். ஆனால் தாளில் ஸ்பிரிங் என்று எதுவும் இல்லை. கவரைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

இதற்குள் கார் விளக்குகள் மங்கிக்கொண்டே வந்து அணைந்துவிட்டன. தண்ணி குடித்தால் கண் செருகத்தான் செய்யும் என்றார்கள்.

கிளம்பும் நேரம் வந்தது. தாளில் சொன்னபடி ஹேண்ட் பிரேக்கை எடுத்தார்கள். இந்த ஒரு வேலைதான் உண்மையில் சிரமம் கொடுத்தது. குப்புராசு பம்ப்செட் கழற்றிய அனுபவம் உள்ளவர். இருந்தும் ஐந்து போல்ட்டும் ஒரு கம்பியும் அவரை அரைமணி நேரம் படுத்தின. எடுத்ததைத் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் பத்திரமாக வைத்தான் பொன்னுரங்கம். சவரிராஜ் இதை ஒவ்வொரு தடவையும் செய்யச் சொல்கிறாரே, காரோட்டிகள் எல்லாம் எத்தனை பொறுமைசாலிகள் என்று நினைத்துக்கொண்டான்.

சாவியைத் திருப்பினான். 'டக்' என்றது. மறுபடி திருப்பினான். அதுவும் சொல்லவில்லை.

"தள்ளுன்னு போட்டிருக்கு," என்றார் தெய்வசிகாமணி.

"எவ்வளவு தூரம்னு?"

"தூரம் போடலை."

"நிறுத்துன்னு?"

"அதுவும் போடலை தம்பி."

அப்படியென்றால் கணக்குத் தெளிவு. யாராவது உள்ளே உட்கார வேண்டுமா என்று குப்புராசு கேட்டார். உட்கார்ந்தால் ஒரு ஆள் பாரம் கூடும், தள்ள ஒரு ஆள் குறையும், இரட்டை நஷ்டம் என்று முடிவாயிற்று. பொன்னுரங்கம் ஜன்னல் வழியாக ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தோளால் தள்ளினான். மற்ற இருவரும் பின்னால். காற்றைப் பார்த்த சக்கரங்கள் சப்பாத்தி மாவு மாதிரி மடங்கி மடங்கி உருண்டன.

ஏரிக்கரையில் பால்கேனோடு சைக்கிளில் வந்தவர் ஒருவர் இறங்கி நின்றார்.

"ஏம்ப்பா, டயர்ல காத்தே இல்லையே."

"காலையில இருந்துச்சு," என்றார் தெய்வசிகாமணி மூச்சு வாங்க. "நாங்க மூணு பேரும் பாத்தோம்."

அவர் சைக்கிளை ஓரமாக இழுத்து வழிவிட்டார்.

சாலவாடி எல்லைக்கு வந்தபோது பதினொன்றே முக்கால். பொன்னுரங்கத்தின் சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. கவர் நனைந்துவிடக் கூடாதே என்று அதைப் பல்லில் கடித்துக்கொண்டான். மாமியார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல் கொஞ்சம் சரிவு.

"பிரேக்கைப் போட்டு நிறுத்துங்க மாப்பிள்ளை."

"அது வீட்டில பத்திரமா இருக்கு அத்தை," என்றான், கவரை வாயிலிருந்து எடுத்து.

மாமியார் மருமகனைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், அம்மிக்கல்லை உருட்டி வந்து சக்கரத்துக்கு அண்டை கொடுத்தாள்.

நீலாவதி வெளியே வந்தாள். கையில் பெட்டி இல்லை. பொன்னுரங்கம் முதலில் பார்த்தது அதைத்தான்.

அவள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். சக்கரங்களில் படிந்த பவுடரைத் தொட்டு முகர்ந்தாள். சீட்டுக்குக் கவர் போட்டாச்சா என்று கேட்டாள். அவன் இரண்டு கையாலும் நீட்டினான். அவள் பிரித்து, சீட்டை எடுத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தாள். திரும்ப மடித்து உள்ளே வைத்தாள். குப்புராசு இருமலை அடக்கிக்கொண்டார். உள்ளே சுவர்க் கடிகாரம் ஓடுவது வாசல்வரை கேட்டது.

"வர்ற வழியில நீங்க இதுல ஏறவே இல்லையா?"

"இல்லை."

"மூணு மைலும்?"

"மூணு மைலும் தள்ளிட்டுத்தான் வந்தோம். ஏறினா பாரமாச்சேன்னு."

நீலாவதி காரின் கதவை ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு தாயாரிடம் திரும்பினாள்.

"அக்கா வீட்டுக்காரர் வண்டி வாங்கின அன்னைக்கே ஏறி மிதிச்சு ஓட்டிட்டு வந்தாரும்மா. ஒரு இரும்பு வண்டி மேலயே இவ்வளவு பதனம் இருக்கிற மனுசன், கட்டினவளை விட்டுடுவாரா?"

மாமியார் அம்மிக்கல்லை இன்னொரு தரம் சரிபார்ப்பதற்குள் அவள் உள்ளே போய்ப் பெட்டியோடு வந்துவிட்டாள். பன்னிரண்டுக்கு இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது.

பெட்டியைப் பின் சீட்டில் ஏற்றினார்கள். நீலாவதி ஏறக் காலைத் தூக்கினாள். தூக்கிய காலைக் கீழே வைத்தாள். மூன்று மைல் நடந்து வந்த வண்டியில் உடனே ஏறி உட்கார அவளுக்கு மனசு கேட்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பொன்னுரங்கத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். மாமியார் அம்மிக்கல்லை எடுத்தாள். கார் நகர்ந்தது.

அவள் தோள் அவன் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. ஒரு மாதமாக வெறும் ரசத்தில் கிடந்த வயிறு அவனுக்குத் திடீரென்று நிறைந்த மாதிரி இருந்தது. வண்டி போகும்போது இருந்ததைவிட இப்போது லேசாக ஓடுகிறது என்று அவன் சொன்னான். நன்றாகப் பார்த்துக்கொண்டால் எதுவும் ஓடும் என்றாள் அவள். பின்னாலிருந்து குப்புராசு, அடுத்த ஆவணிக்கு வண்டிக் கண்ணாடிக்கு ஏதாவது பண்ணலாம் என்றார்.

ஏரி திருப்பத்தில், மஞ்சப்பை வைத்திருந்த ஒருவர் கை காட்டினார். நிறுத்தினார்கள். நெட்டேரி பக்கமா என்று கேட்டார். தங்கள் ஊரே அதுதான் என்றார்கள். இடம் இருக்குமா என்றார். உள்ளே யாருமே இல்லை, தாராளமாக உட்காரலாம் என்றான் பொன்னுரங்கம்.

அவர் செருப்பைக் கழற்றி ரோட்டோரமாக ஜோடி சேர்த்து விட்டுவிட்டு, முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். நாலு பேரும் தள்ளினார்கள்.